எய்தவர் இருக்க அம்புக்கு மட்டுமா தண்டனை?

உக்ரைனின் வடகிழக்கே சுமி மாகாணத்தில் சுபாகிவ்கா என்றொரு கிராமம் இருக்கிறது. ரஷ்யப் படை எல்லை தாண்டிய ஐந்தாம் நாள், 2022 பிப்ரவரி 28 அன்று, அங்கே 62 வயதுப் பெரியவர் ஒருவர் தன் வீட்டருகே சைக்கிளோடு, கைபேசியில் பேசியபடி வந்துகொண்டிருந்தார். தாக்குதலில் சிதறிப்போன படையணியைச் சேர்ந்த ரஷ்யச் சிப்பாய்கள் சிலர், பறித்துக்கொண்ட காரில் அந்த வழியாகத் தப்பி வந்தார்கள். தாங்கள் இருக்குமிடத்தை இவர் உக்ரைன் படைக்குச் சொல்லிவிடுவாரோ என்று அவர்களுக்குச் சந்தேகம். சுடும்படி உடனிருந்தவர் வற்புறுத்த, 21 வயதுச் சார்ஜண்ட் ஒருவர் காருக்குள்ளிருந்தே சுட்டார். பெரியவர் தன் வீட்டுக்கு அருகிலேயே விழுந்து இறந்தார்.

அந்தச் சார்ஜண்ட் பிடிபட்டார். மே மாதம் கீவ் நகர நீதிமன்றத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் தலைகுனிந்து நின்றார். இந்தப் போரில் போர்க்குற்றத்துக்காக உக்ரைனில் நடந்த முதல் வழக்கு அது. இறந்தவரின் மனைவி அவரைப் பார்த்துக் கேட்டார்: எங்களை யாரிடமிருந்து காப்பாற்ற வந்தீர்கள், நீங்கள் கொன்ற என் கணவரிடமிருந்தா? அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், மன்னிப்புக் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது 15 ஆண்டுகளாகக் குறைந்தது.

அவரால் பதில் சொல்லவும் முடியாது. போர் தொடங்கலாம் என்று முடிவெடுத்த அறையில் அவர் இல்லை. இருந்தவர்களில் முதன்மையானவரான அதிபர் விளாதிமிர் புதினுக்கு எதிராக, ஹேக் நகரில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2023 மார்ச் 17-ல் கைது ஆணை பிறப்பித்தது. அதன் பிறகும் 2024 செப்டம்பரில் மங்கோலியா அவரை அணிவகுப்பு மரியாதையோடு வரவேற்றது. 2025 ஆகஸ்ட்டில் அலாஸ்காவில் அமெரிக்க அதிபர் சிவப்புக் கம்பளம் விரித்தார். அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி விமான நிலையத்துக்கு நம் பிரதமரே நேரில் சென்று வரவேற்றார். இந்த மூன்றில் மங்கோலியா மட்டுமே அந்த நீதிமன்றத்தின் உறுப்பு நாடு. கைதுசெய்யும் கடமையை அது மீறிவிட்டது என்று நீதிபதிகள் 2024 அக்டோபரில் பதிவுசெய்தார்கள். அமெரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் அப்படியொரு கடமையே இல்லை.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. அந்தக் கைது ஆணை போர் தொடுத்ததற்கானது அல்ல. ஆக்கிரமித்த பகுதிகளிலிருந்து குழந்தைகளைச் சட்டவிரோதமாக ரஷ்யாவுக்குக் கொண்டுசென்ற குற்றத்துக்கானது. அப்படிக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் 19 ஆயிரத்துக்கும் மேல் என்கிறது உக்ரைன் அரசு. குற்றம் கொடியதுதான். ஆனால், அண்டை நாட்டின்மீது படையெடுத்தாரே, அதற்கு? அதை விசாரிக்க அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. போரில் நடக்கும் குற்றங்களுக்கு நீதிமன்றம் உண்டு, போரைத் தொடங்கும் குற்றத்துக்குத்தான் இல்லை. இந்த ஓட்டையை அடைக்காதவரை, போர்க்குற்ற நீதி என்பது பெரும்பாலும் சிப்பாய்களோடும் தளபதிகளோடும் நின்றுவிடும்.

கணக்கில் வராத சாவுகள்

இனப்படுகொலை, மனிதகுலத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம், ஆக்கிரமிப்புக் குற்றம் என்று நான்கு வகைக் குற்றங்களை சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் அடிப்படைச் சாசனம் பட்டியலிடுகிறது. இவற்றில் போர்க்குற்றச் சட்டம் போர் எப்படி நடத்தப்பட்டது என்று மட்டுமே கேட்கும். ஏன் நடத்தப்பட்டது என்று கேட்காது. பொதுமக்களைக் குறிவைக்காதே, சரணடைந்தவரைக் கொல்லாதே, மருத்துவமனையைத் தாக்காதே என்பவை அதன் விதிகள். 1949-ன் ஜெனீவா ஒப்பந்தங்கள் படையெடுத்தவருக்கும் தற்காத்துக்கொள்பவருக்கும் ஒரே விதியைத்தான் வைத்திருக்கின்றன. அதற்குத் தக்க காரணமும் இருக்கிறது. யார் பக்கம் நியாயம் என்று தீர்த்த பிறகுதான் காயம்பட்டவருக்கு மருந்து என்றால், எந்தப் படையும் எதிரியின் காயத்தைக் கட்டாது.

இந்த நடுநிலைக்கு ஒரு விலை உண்டு. சண்டைக்களத்தில் ரஷ்யச் சிப்பாய் உக்ரைன் சிப்பாயைச் சுட்டுக் கொன்றால் அது போர்க்குற்றம் அல்ல. நேற்றுவரை பள்ளி ஆசிரியராகவோ பேருந்து ஓட்டுநராகவோ இருந்தவர், ஊருக்குள் டாங்கி வருகிறதே என்று சீருடை போட்டுக்கொண்டு எல்லைக்குப் போய் மாண்டால், சட்டத்தின் பார்வையில் அது சட்டபூர்வமான சாவு. ராணுவக் கிடங்கைத் தாக்கியபோது பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் இறந்தாலும், ராணுவப் பலனோடு ஒப்பிட்டால் அந்த இழப்பு மிகையானதல்ல என்று வாதாட இடமுண்டு. வீடுவாசலைப் போட்டுவிட்டுப் போலந்துக்கு ஓடியவருக்குப் பெரும்பாலும் வழக்கே இல்லை.

புச்சா நகரின் யாப்லுன்ஸ்கா தெருவில் கைகள் கட்டப்பட்ட நிலையில் கிடந்த உடல்களுக்குப் போர்க்குற்றச் சட்டம் பதில் சொல்லும். அந்த நகரிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் நானூறுக்கும் மேற்பட்ட உடல்கள் மீட்கப்பட்டன. ஆனால், இந்தப் போரில் செத்தவர்களில் மிகப் பெரும் பகுதியினர் போர்முனையில் விழுந்த சிப்பாய்கள், இரு தரப்பிலும். அவர்களுடைய சாவு குற்றக் கணக்கில் ஏற வேண்டுமானால் அதற்கு ஒரே வழி ஆக்கிரமிப்புக் குற்றம்தான். படையெடுப்பு இல்லையென்றால் இவர்களில் யாரும் செத்திருக்க மாட்டார்கள் என்பதை ஏற்கும் ஒரே சட்டப் பிரிவு அது. சுட்டவர்களை அது தொடுவதில்லை. ஒரு நாட்டின் அரசியல் அல்லது ராணுவ நடவடிக்கையைக் கட்டுப்படுத்தும், வழிநடத்தும் நிலையில் இருப்பவர் மட்டுமே இந்தக் குற்றத்தைச் செய்ய முடியும் என்கிறது சாசனம். வல்லரசுகளுக்கு இது கசப்பதற்கும் அதுவே காரணம்.

நியூரெம்பர்க் சொன்னதும் சொல்லாததும்

போர் தொடுப்பதைக் குற்றமாக விசாரித்த முதல் சர்வதேச நீதிமன்றம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரெம்பர்க். ‘அமைதிக்கு எதிரான குற்றம்’ என்று அப்போது அதற்குப் பெயர். அந்தக் கருத்தை வடித்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஆரோன் டிரெய்னின் என்ற சோவியத் சட்ட அறிஞர். மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்ற கருத்தைச் சட்டமாக்க உழைத்த ஹெர்ஷ் லாட்டர்பாக்ட், இனப்படுகொலை என்ற கருத்தைத் தந்த ரஃபேல் லெம்கின் ஆகிய இருவரும் சட்டம் படித்த ஊர் இன்றைய உக்ரைனின் லிவிவ். ரஷ்யாவும் உக்ரைனும் இருக்கும் அந்த மண்ணிலிருந்து வந்தவர்களே இந்தச் சட்டங்களின் பெரும்பகுதியைச் சிந்தித்தவர்கள்.

1946 அக்டோபரில் முடிந்த அந்த வழக்கில் 12 பேர் ஆக்கிரமிப்புப் போர் நடத்திய குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். ஹிட்லரின் துணைத் தலைவராக இருந்த ருடால்ஃப் ஹெஸ் போர்க்குற்றங்களிலிருந்தும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களிலிருந்தும் விடுவிக்கப்பட்டவர். போருக்குச் சதி செய்தது, போர் தொடுத்தது ஆகிய இரண்டுக்காக மட்டுமே அவருக்கு ஆயுள் தண்டனை. 1987-ல் பெர்லின் ஸ்பாண்டாவ் சிறையிலேயே இறந்தார். போர் தொடங்கியது மட்டுமே ஒருவரை ஆயுள் முழுக்கச் சிறையில் வைக்கப் போதுமான குற்றம் என்று உலகம் ஒரு முறை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அந்த நீதிமன்றத்தின் குறையும் தெரிந்ததுதான். 1939-ல் ஜெர்மனியோடு சேர்ந்து போலந்தைப் பங்குபோட்ட, அதே ஆண்டு பின்லாந்தின்மீதும் படையெடுத்த சோவியத் ஒன்றியத்தின் நீதிபதியும் அந்த இருக்கையில் அமர்ந்திருந்தார். அதைவிடக் கூர்மையான கேள்வி, ஜப்பானியத் தலைவர்களை விசாரித்த டோக்கியோ தீர்ப்பாயத்தில் எழுந்தது. எழுப்பியவர் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ராதாபினோத் பால். பதினொரு நீதிபதிகளில் அவர் ஒருவர் மட்டுமே குற்றம்சாட்டப்பட்ட அத்தனை பேரையும் விடுவிக்கலாம் என்று எழுதினார். ஜப்பான் படை செய்த அட்டூழியங்களுக்குச் சான்று இருப்பதை அவர் மறுக்கவில்லை. போர் தொடுப்பது அந்தக் காலத்துச் சட்டத்தில் குற்றமாக இல்லை, வென்றவர்கள் தோற்றவர்களுக்காகப் பின்னால் எழுதிய சட்டம் இது, அணுகுண்டு போட்டவர்களை யார் விசாரிப்பது என்பவை அவருடைய வாதங்கள். இன்று ஜப்பானியத் தேசியவாதிகள் யாசுகுனி ஆலய வளாகத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் வைத்துத் தங்கள் பழியைக் கழுவப் பார்ப்பது வேறு கதை.

பால் கேட்டதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். சட்டம் ஒருதலைப்பட்சமானது, ஆகவே அதைத் தூக்கிப்போடுங்கள் என்பது ஒன்று. சட்டம் ஒருதலைப்பட்சமானது, ஆகவே அதை எல்லோருக்கும் பொதுவாக்குங்கள் என்பது இன்னொன்று. அமெரிக்கத் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் ஜாக்சன், இன்று தீர்ப்பளிக்கும் நாடுகள் நாளை இதே சட்டத்துக்குக் கட்டுப்பட்டாக வேண்டும் என்று நியூரெம்பர்க்கில் சொன்னது இரண்டாவது பதிலைத்தான். உலகம் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. சட்டத்தை ஏட்டில் வைத்துக்கொண்டு, பயன்படுத்தாமல் விட்டது. 1948 டோக்கியோ தீர்ப்புக்குப் பிறகு எந்தச் சர்வதேச நீதிமன்றமும் ஆக்கிரமிப்புக் குற்றத்துக்காக ஒருவரைக்கூடத் தண்டித்ததில்லை. 1956-ல் ஹங்கேரிக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்தன. 1990-ல் இராக், குவைத்தை விழுங்கியது. 2003-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் இராக்குக்குள் புகுந்தன. சமாதான வழிகள் தீரும் முன்பே போருக்குப் போனோம் என்று பிரிட்டனின் சில்காட் விசாரணைக் குழு 2016-ல் அறிக்கை தந்தது. யார்மீதும் வழக்கு இல்லை.

விதிவிலக்கு எப்படி வந்தது?

1998 ஜூலை 17-ல் ரோம் நகரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான சாசனம் 120 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறியது. ஆக்கிரமிப்பும் அதில் குற்றமாக எழுதப்பட்டது, ஆனால் விளக்கம் தரப்படவில்லை. விளக்கம் தர இன்னும் 12 ஆண்டுகள் ஆயின. 2010-ல் உகாண்டாவின் கம்பாலாவில் கூடிய மாநாடு விளக்கத்தை எழுதியது. கூடவே விசாரிக்கும் அதிகாரத்தையும் சுருக்கியது.

மற்ற மூன்று குற்றங்களில் விதி எளிமையானது. குற்றம் நடந்த நாடு நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றிருந்தாலே போதும், செய்தவர் எந்த நாட்டவராக இருந்தாலும் விசாரிக்கலாம். உக்ரைன் 2014-லும் 2015-லும் அந்த அதிகாரத்தை ஏற்று அறிவிப்பு தந்திருந்தது. அதனால்தான் ரஷ்யா உறுப்பினராக இல்லாமலேயே புதின்மீது கைது ஆணை சாத்தியமாயிற்று. ஆக்கிரமிப்புக்கு மட்டும் தனிச் சலுகை. உறுப்பினராக இல்லாத நாட்டின் தலைவர்களை இந்தக் குற்றத்துக்காகத் தொடவே கூடாது. உறுப்பு நாடுகளும்கூட எனக்கு இது வேண்டாம் என்று விலகிக்கொள்ள வழி உண்டு. மிச்சமிருப்பது ஒரே பாதை, ஐ.நா. பாதுகாப்பு அவை வழக்கை அனுப்பிவைப்பது. அங்கே ரஷ்யாவின் கையில் வீட்டோ இருக்கிறது. குற்றம்சாட்டப்பட்டவரே அனுமதி தந்தால்தான் வழக்கு என்பது எந்த ஊர் நியாயம்?

இந்தச் சலுகைக்காக மும்முரமாக நின்றவை பாதுகாப்பு அவையின் நிரந்தர உறுப்பு நாடுகள். நீதிமன்றத்தில் உறுப்பினராகச் சேராத அமெரிக்கா, பார்வையாளராக வந்து கம்பாலாவில் பேரம் பேசியது. உறுப்பினர்களான பிரிட்டனும் பிரான்ஸும் அந்தத் திருத்தங்களை இன்றுவரை ஏற்கவில்லை. இராக்கை நினைத்துத் தங்கள் தலைவர்களைக் காக்கப் போட்ட வேலி, கடைசியில் புதினுக்கு அரணாயிற்று.

ஸ்ட்ராஸ்பர்க்கின் தனித் தீர்ப்பாயம்

போர் தொடங்கிய சில நாட்களிலேயே பிரிட்டனின் சட்ட அறிஞர் பிலிப் சாண்ட்ஸ், ஆக்கிரமிப்புக்கென்று ஒரு தனித் தீர்ப்பாயம் வேண்டும் என்று எழுதினார். அது வெறும் யோசனையாக நின்றுவிடவில்லை. 2025 ஜூன் 25-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கியும் ஐரோப்பிய கவுன்சிலின் பொதுச் செயலாளர் அலன் பெர்செவும் அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தன் மண்ணில் நடந்த குற்றத்தை விசாரிக்கும் உரிமை உக்ரைனுக்கு உண்டு, அந்த உரிமையை அது ஒரு சர்வதேச அமைப்போடு பகிர்ந்துகொள்கிறது என்பதே இதன் சட்ட அடித்தளம். ஆதாரம் திரட்டும் வேலையை 2023 ஜூலை முதலே ஹேக்கில் ஒரு தனி மையம் செய்துவருகிறது.

இதை வரவேற்கலாம். ஆனால் இதன் இரண்டு பலவீனங்களை மூடிமறைக்க வேண்டாம். முதலாவது, பதவியில் இருக்கும் அதிபர், பிரதமர், வெளியுறவு அமைச்சர் ஆகிய மூவரையும் அவர்கள் பதவி விலகும்வரை இந்தத் தீர்ப்பாயம் விசாரிக்க முடியாது. மற்றவர்கள் வராவிட்டாலும் வழக்கு நடக்கும். அதாவது, போரைத் திட்டமிட்ட தளபதிகளும் ஆலோசகர்களும் இல்லாமலேயே தீர்ப்பு வரலாம், முடிவெடுத்தவர்மீதான குற்றப்பத்திரிகை மட்டும் உறையிலேயே இருக்கும். யூகோஸ்லாவிய அதிபர் மிலோசெவிச்மீது அவர் பதவியில் இருக்கும்போதே 1999 மே மாதம் யூகோஸ்லாவியத் தீர்ப்பாயம் குற்றம்சாட்டியது. அந்த அளவுக்குக்கூட இங்கே துணிவு வரவில்லை.

இரண்டாவது, இது ஒரே ஒரு போருக்கான நீதிமன்றம். தங்கள்மீது பாயக்கூடிய பொதுச் சட்டத்தை ஏற்காத பிரிட்டனும் பிரான்ஸும் ரஷ்யாமீது மட்டும் பாயும் தனிச் சட்டத்தை ஆதரிக்கின்றன. 2025 ஜூலையில் நியூயார்க்கில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்ற உறுப்பு நாடுகளின் சிறப்புக் கூட்டம் நடந்தது. ஆக்கிரமிப்புக்கும் மற்ற மூன்று குற்றங்களுக்கும் ஒரே விதியாக இருக்கட்டும் என்று ஜெர்மனி, கோஸ்டா ரிகா, சியரா லியோன், ஸ்லோவேனியா, வனுவாட்டு ஆகிய நாடுகள் திருத்தம் கொண்டுவந்தன. பிரிட்டன், பிரான்ஸ் உள்ளிட்ட சில நாடுகள் எதிர்த்ததால் முடிவு எட்டவில்லை. விஷயம் 2029-க்குத் தள்ளிப்போடப்பட்டது. ஸ்ட்ராஸ்பர்க்கில் கையெழுத்தான இரண்டு வாரங்களுக்குள் இது நடந்தது. பால் இருந்திருந்தால் வியந்திருக்க மாட்டார்.

‘நீதி கேட்டால் சமாதானம் கெடும்’

கைது ஆணை கழுத்தில் தொங்கும்போது எந்தத் தலைவர் பேச்சுவார்த்தைக்கு வருவார், முதலில் சாவு நிற்கட்டும், நீதியைப் பிறகு பார்க்கலாம் என்ற வாதம் எளிதில் ஒதுக்கத் தக்கதல்ல. 2025 நவம்பரில் வெளியே கசிந்த அமெரிக்காவின் 28 அம்சச் சமாதான வரைவில் எல்லாத் தரப்புக்கும் முழுப் பொதுமன்னிப்பு என்பதும் ஒன்று. தினமும் பிணம் விழும் நாட்டு மக்களிடம் போய், தீர்ப்பு வரும்வரை சண்டை போடுங்கள் என்று சொல்லும் உரிமை வெளியில் இருக்கும் யாருக்கும் இல்லை.

ஆனால் வரலாறு இந்த வாதத்துக்குச் சாதகமாக இல்லை. போஸ்னிய செர்பியத் தலைவர் கராட்சிச்மீதும் தளபதி மிலாடிச்மீதும் குற்றப்பத்திரிகை வந்தது 1995 ஜூலையில். போஸ்னியப் போரை முடித்த டேட்டன் உடன்பாடு அதே ஆண்டு நவம்பரில் எட்டப்பட்டது. குற்றம்சாட்டப்பட்ட இருவரும் அந்த மேசைக்கு வர முடியவில்லை, அவர்கள் இல்லாமலேயே உடன்பாடு வந்தது. மிலோசெவிச்மீது குற்றம்சாட்டிய சில நாட்களில் கொசோவோ போர் முடிவுக்கு வந்தது. போரை நிறுத்த வைப்பவை களநிலையும் கஜானாவும். கைது ஆணைக்கு அஞ்சிப் போரைத் தொடர்ந்தவர் என்று காட்டுவதற்கு எளிதில் ஆள் கிடைக்காது.

பொறுத்திருந்தால் காலம் மாறும் என்பதையும் அதே இருவர் காட்டுகிறார்கள். கராட்சிச் 13 ஆண்டுகள் தலைமறைவாக இருந்தார். நீண்ட வெண்தாடி வளர்த்து, பெயரை மாற்றி, மாற்று மருத்துவராக பெல்கிரேடில் வாழ்ந்தவர் 2008 ஜூலையில் பிடிபட்டார். மிலாடிச் 2011-ல் சிக்கினார். இருவரும் இப்போது ஆயுள் கைதிகள். லைபீரியாவின் முன்னாள் அதிபர் சார்லஸ் டெய்லர் 50 ஆண்டுத் தண்டனையை பிரிட்டன் சிறையில் கழிக்கிறார். பிலிப்பைன்ஸை ஆண்ட டுடெர்டேவை 2025 மார்ச்சில் மணிலாவில் கைதுசெய்து ஹேக்குக்கு விமானம் ஏற்றியது அவர் நாட்டு அரசேதான். இவர்களில் யாரும் அதிகாரத்தின் உச்சியில் இருந்தபோது இப்படி நடக்கும் என்று நம்பியிருக்க மாட்டார்கள். புதின்கூட 2023-ல் ஜோகன்னஸ்பர்க்குக்கும் 2025-ல் ரியோவுக்கும் பிரிக்ஸ் மாநாட்டுக்குப் போகாமல் காணொலியில்தான் பேசினார். அவற்றை நடத்திய தென்னாப்பிரிக்காவும் பிரேசிலும் நீதிமன்றத்தின் உறுப்பு நாடுகள். கைது ஆணை ஒரு தலைவரைச் சிறைக்குக் கொண்டுபோகாவிட்டாலும் அவர் போகக்கூடிய ஊர்களைக் குறைத்துவிடுகிறது.

ஆளுக்கொரு நியாயம்

சமாதான வாதத்தைவிட வலுவான எதிர்ப்பு, இந்த நீதி ஆள் பார்த்து நடக்கிறது என்பது. மறுக்க முடியாத உண்மை. புதின்மீதான கைது ஆணையை நியாயமானது என்று பாராட்டிய அமெரிக்க அதிபர் பைடன், 2024 நவம்பர் 21-ல் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுமீது அதே நீதிமன்றம் காஸா தொடர்பாகக் கைது ஆணை பிறப்பித்தபோது அதை அக்கிரமம் என்றார். அடுத்து வந்த டிரம்ப் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த நீதிமன்றத்தின் தலைமை வழக்கறிஞர்மீதும் பின்னர் நீதிபதிகள்மீதும் பொருளாதாரத் தடை விதித்தார். பயங்கரவாதிகளுக்கும் போதைக் கும்பல்களுக்கும் உருவாக்கிய தடைப் பட்டியலில் நீதிபதிகளின் பெயர்கள் ஏறின. வங்கி அட்டை முதல் இணையச் சேவைவரை அமெரிக்க நிறுவனங்கள் துண்டித்துவிட்டதாக ஒரு நீதிபதி பேட்டியில் சொல்ல நேர்ந்தது. நெதன்யாகுவை வரவேற்ற கையோடு ஹங்கேரி, நீதிமன்றத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. 2025 பிப்ரவரி 24-ல் ரஷ்யாவை ஆக்கிரமிப்பாளராகக் குறிப்பிட்ட ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்துக்கு எதிராக அமெரிக்கா ரஷ்யாவோடு சேர்ந்து வாக்களித்தது. ராபர்ட் ஜாக்சனை அனுப்பிய நாடு அது.

நம் பக்கத்திலேயே பார்க்கலாம். 2009-ல் இலங்கைப் போரின் இறுதிக்கட்டத்தில் 40 ஆயிரம் பொதுமக்கள்வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் சொன்னது. இலங்கை, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் உறுப்பினர் அல்ல. பாதுகாப்பு அவை வழக்கை அனுப்பவும் இல்லை. 2021 முதல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாத்துவருகிறது. அந்தக் கோப்புகளுக்கு நீதிமன்றம் கிடைக்க வேண்டியதுதான் பாக்கி. உக்ரைனுக்குக் கிடைத்த வேகம், அந்தப் போர் முடிந்த முல்லைத்தீவுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பவரை வாயடைக்கச் செய்யும் பதில் எந்த மேற்கத்திய தூதரிடமும் இருக்காது.

ஆனால் இந்தக் கோபத்திலிருந்து எந்த முடிவுக்குப் போவது என்பதில் கவனம் வேண்டும். ஒரு கொலைக்கு வழக்குப் பதியாத காவல் நிலையம் இன்னொரு கொலைக்குப் பதிந்தால், அந்த வழக்கையும் கைவிடு என்று யாரும் கேட்பதில்லை. விடுபட்டதையும் பதிவுசெய் என்றுதான் கேட்கிறோம். ஆள் பார்த்து நடக்கும் நீதியைக் காட்டி நீதியே வேண்டாம் என்போரின் பேச்சு அநேகமாக ஏதோ ஒரு படையெடுப்பாளருக்குத்தான் உதவுகிறது.

இந்தியா சொன்னதும் செய்யாததும்

ரோம் நகரில் வாக்களிக்காமல் விலகி நின்ற 21 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அன்று இந்தியா சொன்ன காரணங்கள் மோசமானவை அல்ல. பாதுகாப்பு அவைக்கு வழக்கை அனுப்பவும் தள்ளிவைக்கவும் அதிகாரம் தருவது, ஐந்து நாடுகளைச் சட்டத்துக்கு மேலே உட்காரவைப்பது என்றது. அணு ஆயுதப் பயன்பாட்டைக் குற்றமாக்கவில்லை என்றது. பயங்கரவாதத்தைச் சேர்க்கவில்லை என்றது. உள்நாட்டு மோதல்களை நீதிமன்றத்தின் வரம்புக்குள் கொண்டுவருவதையும் எதிர்த்தது. கடைசிக் காரணத்துக்குப் பின்னால் காஷ்மீரும் வடகிழக்கும் இருந்தன என்பது ஊரறிந்தது.

முதல் காரணத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து நாடுகளின் சலுகைதான் இந்தியாவின் உறுத்தல் என்றால், ஆக்கிரமிப்புக் குற்றத்துக்குப் போட்டிருக்கும் விதிவிலக்கு அந்தச் சலுகையின் உச்சம். அதை நீக்க வேண்டும் என்று வனுவாட்டுவும் சியரா லியோனும் கேட்கும்போது, இந்தியா அவர்களோடு குரல் கொடுப்பதே அதன் பழைய வாதத்துக்குப் பொருத்தம். கடைசிக் காரணத்தை எடுத்துக்கொண்டாலும் சிக்கல் இல்லை. ஆக்கிரமிப்பு என்பது ஒரு நாடு இன்னொரு நாட்டின்மீது செய்வது. உள்நாட்டு மோதலுக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. எல்லையில் அந்நியப் படையை எதிர்கொண்ட அனுபவம் உள்ள நாட்டுக்கு இந்தச் சட்டம் கேடயமே தவிர ஆபத்து அல்ல.

ஆனால் 2022 மார்ச் 2-ல் ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் ரஷ்யாவின் ஆக்கிரமிப்பைக் கண்டித்தபோதும் இந்தியா வாக்களிக்கவில்லை, 2025-லும் வாக்களிக்கவில்லை. எண்ணெய்க்கும் ஆயுதத்துக்கும் ரஷ்யாவைச் சார்ந்திருப்பதன் நெருக்கடி புரிகிறது. புதின்மீது கைவைக்க வேண்டும் என்று இந்தியாவிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு குறிப்பிட்ட தலைவரைப் பற்றிய வாக்கு வேறு, எல்லாத் தலைவர்களுக்கும் பொதுவான விதியைப் பற்றிய நிலைப்பாடு வேறு. இரண்டாவதில் பேசாமல் இருக்க இந்தியாவுக்குக் காரணமில்லை.

வீட்டுக்குள் செய்ய வேண்டியதும் உண்டு. இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தை இந்தியா 1959-ல் ஏற்றது. ஆனால் அதற்கென்று உள்நாட்டில் குற்றவியல் சட்டம் இயற்றவில்லை. 1984 சீக்கியர் படுகொலை தொடர்பான சஜ்ஜன் குமார் வழக்கில் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்த டெல்லி உயர் நீதிமன்றம், மனிதகுலத்துக்கு எதிரான குற்றமும் இனப்படுகொலையும் நம் குற்றவியல் சட்டத்தில் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி, இந்த ஓட்டையை அவசரமாக அடைக்கச் சொன்னது. இந்திய தண்டனைச் சட்டத்தை முழுவதுமாக மாற்றி எழுதும் வாய்ப்பு அதன் பிறகு வந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவை இடம்பெறவில்லை. சர்வதேச நீதிமன்றங்கள் நம் இறையாண்மையில் தலையிடுகின்றன என்று சொல்லும் நாடு, அவற்றின் தேவையே வராதபடி தன் சட்டத்தை முதலில் சரிசெய்ய வேண்டும்.

நியூரெம்பர்க்கில் நாஜிக் கொலைப்படையினர்மீதான வழக்கை 27 வயதில் நடத்திய பெஞ்சமின் ஃபெரன்ஸ், போரைத் தொடங்குவதைக் குற்றமாக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடி, 2023 ஏப்ரலில் 103 வயதில் இறந்தார். போர் நடக்கும்வரை போர்க்குற்றமும் நடக்கும், ஆகவே வேரைப் பிடுங்குங்கள் என்பது அவர் ஓயாமல் சொன்னது. அந்த வேலை பாதியில் நிற்கிறது. ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பாயம் நடக்கட்டும், ஆதாரங்கள் குவியட்டும். ஆனால் 2029-ல் உறுப்பு நாடுகள் மறுபடி கூடும்போது, ஆக்கிரமிப்புக்கான விதிவிலக்கை நீக்குவோம் என்ற அணி இன்றைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அதில் இந்தியாவின் குரலும் இருக்க வேண்டும். மாஸ்கோவுக்கு ஒரு சட்டம், வாஷிங்டனுக்கும் டெல் அவிவுக்கும் இன்னொரு சட்டம் என்றால், அடுத்த படையெடுப்புக்குத் திட்டமிடும் தலைவர் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்க்கமாட்டார். தனக்கு எந்த வல்லரசின் தயவு இருக்கிறது என்று மட்டுமே பார்ப்பார்.